மதுரை பார்த்த இராமையா

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் ஏறினால் சின்னப்பாறைத் தேயிலைத் தோட்டம். அங்கே மேல் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பராவில் குடியிருந்த இராமையாவிடம் யாராவது வந்து, “அண்ணே, மதுரைக் கோயிலப் பத்திச் சொல்லுங்களேன்” என்று கேட்டால், அவர் உடனே வாயைத் திறந்துவிட மாட்டார். முதலில் கேட்டவனின் கண்ணைப் பார்ப்பார். பிறகு அவனோடு வந்தவனின் கண்ணைப் பார்ப்பார். இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதாவது சாடை காட்டிக்கொள்கிறார்களா என்று பார்ப்பார். அப்படி ஒன்றும் இல்லையென்று மனம் ஒப்பிய பிறகுதான் மடியிலிருந்து வெற்றிலையை எடுப்பார். வெற்றிலை வெளியே வந்துவிட்டால் கதையும் வந்துவிடும்.

சாமி விஷயத்தைக் கண்ட நேரத்தில் பேசக் கூடாதென்று மனுஷன் யோசிக்கிறார் என்று தோட்டத்து ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மை வேறு. இராமையா மதுரைக்குப் போனதே இல்லை.

போகத்தான் புறப்பட்டார். 1947 ஆடி மாதம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. கவ்வாத்துக் கத்தியை வீசினால் தேயிலைச் செடி சீவிவிட்ட தலைபோல மட்டமாக நிற்கும் என்று கங்காணியே ஒத்துக்கொண்ட ஆள். செத்துப்போன தாய் ஒரு நேர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள்: மகன் ஒரு தடவையாவது மீனாட்சி முன்னால் போய் நிற்கவேண்டும். இராமையா ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பியபோது மேல் லயமும் கீழ் லயமும் சேர்ந்து ஸ்டேஷன் வரை வந்தது. மாலை போட்டார்கள். கூடக் கவ்வாத்து வெட்டுகிற அழகன் ரயில் கண்மறையும் வரைக்கும் தப்படித்தான்.

தலைமன்னாரில் இறங்கி, இந்தியா போகிற கப்பலுக்கு நின்ற வரிசையில் போய் நின்றார். அங்கேதான் அவர் கடலைப் பார்த்தார்.

மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவர். தண்ணீர் என்றால் அவருக்குப் பீலிக் குழாயில் விழுவது, ஓடையில் போவது. எந்தத் தண்ணீருக்கும் எதிரே ஒரு கரை இருக்கும். இதற்கு எதிர்க்கரை இல்லை. அதன்மேல் கப்பல், படுத்துக்கிடக்கும் மாட்டின் விலாவைப்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் அவருக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது எட்டானது, எட்டு ஏழானது. ஐந்து பேர் இருக்கும்போது இராமையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விலகினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கத்திலாவது திரும்பிப் போய் நின்றிருப்பார்.

போன நாலாம் நாளே எந்த முகத்தோடு லயத்துக்குத் திரும்புவது? நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ரயிலில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. போனார். கல் சுமந்தார். அவரை எடுத்த கொந்தராத்துக்காரர் ஆட்களின் பேர் எழுதுகிற வழக்கமில்லாதவர். எண் அடித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அறுபத்து மூன்று. பதினாலு மாதம் இராமையா அறுபத்து மூன்றாக இருந்தார்.

முப்பத்தொன்பதாம் எண் அழகுமுத்து. மதுரையில் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவன். இருபது வயதுவரை ஒருநாள் தவறாமல் பூக்கூடையோடு கோயிலுக்குள் போய்வந்தவன். கல் தூக்கும்போதும் அவனுக்குக் கோயில் நினைப்புத்தான். “இந்தக் கல்லயெல்லாம் தூக்கி அணையில போடுறோம், அங்கே இதே மாதிரிக் கல்லுல பொம்பள இடுப்பு மடிப்பை வச்சிருக்கான்யா” என்பான். ஆயிரங்கால் மண்டபத்துக் குறவனும் குறத்தியும், யாளியின் வாய்க்குள் விரல்விட்டால் உருளுகிற கல்லுருண்டை, எங்கேயும் இடதுகாலைத் தூக்கி ஆடும் சிவன் அங்கே மட்டும் வலதுகாலைத் தூக்கி ஆடுவது, கோபம் தணியட்டும் என்று காளி சிலைமேல் சனம் எறிகிற வெண்ணெய், மீனாட்சி மீனாட்சி என்று கூப்பிடும் கூண்டுக் கிளிகள். இராமையா கேட்டுக்கொண்டே கல் சுமந்தார். சில நாட்களில் கல் கனக்காமல் போய்விட்டது.

1948 ஐப்பசியில் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று சுற்றி இருபது பேர் நின்றார்கள். “கோயிலு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “யாளி வாய்க்குள்ள ஒரு கல்லுருண்டை இருக்கு, விரலை விட்டா உருளுது” என்று வந்துவிட்டது.

அதன்பிறகு அதைத் திருப்பி எடுக்க ஒரு நாளும் வாய்க்கவில்லை. மறுவருஷம் வீரம்மாவின் தகப்பன், மதுரை பார்த்த மாப்பிள்ளை வேண்டுமென்று தேடிவந்து பெண் கொடுத்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலைச் சீமெந்தில் எடுத்துக் கட்டியபோது, வாசலில் யாளி வைக்கவேண்டும், இராமையா சொல்லச் சொல்ல மேசன் செய்யட்டும் என்று தீர்மானித்தார்கள். பார்க்காதவர் சொல்ல, பார்க்காதவன் செய்தான். வந்து நின்றது சிறுத்தைக்கும் நாய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதற்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள்.

இப்படி ஏழு வருஷம். இராமையாவுக்கு மட்டும் ஒரு நாளும் நிம்மதி இல்லை. இந்தியாப் பக்கமிருந்து புது ஆள் யாராவது தோட்டத்துக்கு வந்தால் அன்று அவருக்குக் காய்ச்சல் வரும். “மதுரைப் பக்கமா நீங்க?” என்று வேறு யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லி, இல்லையென்று தெரிந்த பிறகுதான் எழுந்து வேலைக்குப் போவார். சிரிக்கிறவனைக் கண்டால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்பார். சிரிக்காதவனைக் கண்டால் எதை அடக்குகிறான் என்று பார்ப்பார்.

1955 வைகாசியில் பெரிய கிளாக்கர் தம்பையா, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் பழுப்பு நிற உறை.

“உமக்குத்தான் காணும். பிரஜாவுரிமைக் கந்தோரிலயிருந்து.”

நாலு வருஷத்துக்கு முன்னால் தோட்டமே பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டது. இராமையாவும் தன் பேர், வீரம்மா பேர், பிள்ளைகள் பேர் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அது கிடைத்தால் இந்த நாட்டு ஆள். கிடைக்காவிட்டால் எந்த நாட்டுக்கும் ஆளில்லை; நாலு பேரையும் எந்த நாளும் யாரும் கப்பலேற்றலாம்.

தம்பையா உறையைப் பிரித்து வாசித்தார். “ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தேழு ஓகஸ்ட் தொடக்கம் நாப்பத்தெட்டு ஒக்டோபர் மட்டும் நீர் இந்தியாவில இருந்ததா அவைக்குத் தகவல். தோட்டத்துச் செக்ரோலிலயும் அந்தப் பதினாலு மாசம் உம்மட பேர் இல்லை. தொடர்ந்து பன்னிரண்டு மாசத்துக்கு மேல வெளியில இருந்தா மனு தள்ளுபடி. அடுத்த மாசம் நுவரெலியாவில விசாரணை.”

“தகவல் யாரு குடுத்தது ஐயா?”

“அதெல்லாம் எழுத மாட்டினம்.”

இராமையாவுக்கு அதற்குமேல் வேறு எதுவும் ஓடவில்லை. எவன் சொன்னான்? நாப்பத்தெட்டிலிருந்து யார் யார் எந்த மாதிரிக் கேள்வி கேட்டார்கள் என்று ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாக் கேள்வியும் அழகனிடமே போய் முடிந்தது. அவன்தான் எப்போதும் துருவித் துருவிக் கேட்பான். அந்த உருண்டை என்ன அளவு, அந்தக் கிளிக்கு யார் தீனி வைக்கிறது, நீங்கள் எந்த வீட்டில் தங்கினீர்கள்.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது அழகன் பக்கத்து நிரையிலிருந்து கூப்பிட்டான். “கடுதாசி வந்துச்சாமே அண்ணே?”

“யாரு சொன்னா?”

“லயமே பேசுது.”

“லயம் பேசுறது இருக்கட்டும். ஒனக்கு எதுக்கு அது?”

“எனக்கு எதுக்கு? சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்குற ஆளில்லடா நீ.”

அழகன் கத்தியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். பிறகு நிரையில் முன்னேறிப் போய்விட்டான். அந்த முன்னேறிப் போனதையும் இராமையா சந்தேகக் கணக்கில் சேர்த்தார். இரண்டு வாரம் அழகன் முகத்தில் விழிக்கவில்லை. பீலிக்கரையில் அவன் நின்றால் இவர் வாளியோடு திரும்பிவிடுவார்.

ஒரு சாயந்திரம் வீரம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் மாவில் கறுப்பாகத் தெரிந்தன. இராமையா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, எத்தனையாவது தடவையோ, “எவன் சொல்லியிருப்பான்னு தெரிஞ்சிட்டாப் போதும்” என்றார்.

“எவனும் சொல்லல. நான்தான் சொன்னேன்” என்றாள் வீரம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“பங்குனியில ரெண்டு பேரு நோட்டுப் பொஸ்தகத்தோட வந்தாங்கள்ல. லயத்துல யாராச்சும் இந்தியாவுக்குப் போயிட்டு வந்திருக்கீங்களான்னு கேட்டாங்க. எல்லாம் வாயில்லாம நின்னுச்சுங்க. அதுல ஒருத்தரு, தோட்டத்துச் சனத்துக்குக் கோயிலு கொளம்னு என்னா தெரியும்னு மத்தவருகிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க வீட்டுக்காரரு ஒன்னேகால் வருசம் மதுரையில இருந்து கோயிலத் தூணு தூணாப் பாத்துட்டு வந்தவருன்னு சொன்னேன். அவரு நின்னு நெதானமா எழுதிக்கிட்டாரு. நான் டீத்தண்ணி கூடக் குடுத்தேன்.”

இராமையாவுக்குக் கோபப்படவும் வழியில்லை. கோபப்பட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். ரொட்டி கருகுகிற வாடை வந்தது. பிறகு சொன்னார்.

“நான் மதுரைக்குப் போகல புள்ள.”

“அப்படியா சொல்லப்போறீங்க அங்க?”

“சொல்லப்போறதில்ல. நெசமாவே போகல. கடலப் பாத்துப் பயந்து திரும்பிட்டேன். நோட்டன் பிரிட்ஜில கல்லுத் தூக்கிக்கிட்டிருந்தேன்.”

வீரம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் காம்பராவில் பேச்சுச் சத்தம் இருக்கிறதா என்று கவனித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நல்ல யோசனைதான். நானும் அப்படியே சொல்லிர்றேன். போகாத எடத்தப் போனேன்னாச் சொல்றோம், போன எடத்தப் போகலன்னுதானே. ஆத்தாகிட்ட ஒரு மாவெளக்குப் போட்டு மன்னிப்புக் கேட்டுக்குவோம்” என்றாள்.

“நான் சொல்றது நெசம்.”

“அதான் நெசம்னுதானே சொல்லப்போறோம்” என்று கருகின ரொட்டியைப் புரட்டினாள்.

அழகனிடமும் போய் நிற்கவேண்டி வந்தது. தோட்டத்திலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்று தம்பையா சொல்லியிருந்தார். இரண்டு வாரம் முகம் பார்க்காதவனிடம் போய், நான் இந்தியா போகவில்லை, நோட்டன் பிரிட்ஜில் இருந்தேன் என்று இராமையா சொன்னபோது அழகன் கண்ணைச் சிமிட்டினான்.

“நோட்டன் பிரிட்ஜ். பக்கமும் இருக்கு, தூரமும் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தது அண்ணே, கிளாக்கரா?”

நிஜச் சாட்சி ஒருவன்தான் இருந்தான். அந்த முப்பத்தொன்பதாம் எண் அழகுமுத்து நல்லதண்ணியில் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறான் என்று எப்போதோ கேள்விப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமையா பஸ் மாறி மாறி அங்கே போனார். சனம் பாதமலை ஏறிக் கும்பிடுகிற காலம் முடிந்திருந்தது. கடைகளில் கூரை கழற்றிய கம்புகள் மட்டும் மழையில் நின்றன. திறந்திருந்த ஒரே கடையில் உட்கார்ந்திருந்த சிங்கள மனுஷி, உடைந்த தமிழில், “அந்த ஆள் போயாச்சு. எங்கே, தெரியாது” என்றாள். பேரைச் சொல்லும் முன்பே அவள் தலையை ஆட்டியதாக இராமையாவுக்குப் பட்டது. கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். விறகு. வேறொன்றும் இல்லை. திரும்பும் வழியில், அழகுமுத்துவிடமும் பிரஜாவுரிமைக் கடதாசி இருக்காதே, ஆளே கிடைத்திருந்தாலும் சாட்சிக்கு வந்திருப்பானா என்று யோசித்தார்.

விசாரணைக்கு மூன்று பேரும் போனார்கள். வீரம்மா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். அவளையும் அழகனையும் வெளியே வாங்குப் பலகையில் உட்காரவைத்துவிட்டு இராமையாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதான சிங்கள துரை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். கேட்பதை இங்கிலீஷில் கேட்டார். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் சோமசுந்தரம் அதைத் தமிழில் சொன்னார். சோமசுந்தரம் கண்டிப் பக்கம் கடை வைத்திருந்த குடும்பம், நெற்றியில் திருநீறு.

“அந்தப் பதினாலு மாசம் எங்க இருந்தீங்க?”

“நோட்டன் பிரிட்ஜிலங்க.”

“பேர் பதிஞ்சிருக்கா?”

“நம்பருதாங்க. தகரத்துல அடிச்சுக் குடுத்தாங்க. அறுவத்தி மூணு.”

“அந்தத் தகரம்?”

“திருப்பி வாங்கிக்கிட்டாங்க.”

“கொந்தராத்துக்காரர்?”

“காலமாயிட்டாருங்க.”

“கூட வேலை செஞ்ச ஆள் யாராவது?”

“ஒருத்தன் இருந்தான். தேடினேன். காணல.”

ஒவ்வொரு பதிலுக்கும் துரை ஒரு சின்னக் கோடு போட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

சோமசுந்தரம் திரும்பினார். “ஐயா சொல்றாரு: உங்க சம்சாரம் வாக்குமூலத்துல நீங்க மதுரைக் கோயிலைத் தூண் தூணாச் சொல்வீங்கன்னு சொல்லியிருக்காங்க. பார்க்காத கோயிலை ஒருத்தன் அப்படிச் சொல்ல முடியுமா?”

“கேட்டதுங்க. கூட வேலை செஞ்சவன் சொன்னது.”

“அப்ப எங்களுக்கும் சொல்லுங்க. நான் ரெண்டு தரம் போயிருக்கேன்” என்றார் சோமசுந்தரம்.

இதில் பொறி இருக்கிறது என்று இராமையாவுக்குத் தெரிந்தது. சரியாகச் சொன்னால் பார்த்தவன். தப்பாகச் சொன்னால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறவன். இரண்டு பேர் கண்ணையும் பார்த்தார். துரையின் கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை. சோமசுந்தரத்தின் கண்ணில் ஆசை மாதிரி ஏதோ இருந்தது, நெடுநாளாகத் தன் ஊர்ச் சாப்பாடு சாப்பிடாதவனுக்கு இருப்பதுபோல. எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் லயத்தில் சொல்கிறபடியே ஆரம்பித்தார்.

ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. குறத்தியின் இடுப்பில் இருக்கிற பிள்ளையைச் சொன்னார். வலதுகால் தூக்கின சிவனைச் சொன்னார். காளிமேல் வெண்ணெய் விழுந்து வழிகிறதைக் கையால் காட்டினார். சோமசுந்தரம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “சரி... சரி... அதுவும் சரி.” துரை அந்தத் தலையாட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். சோமசுந்தரம் சொல்கிற ஒவ்வொரு சரியும் தன் பிள்ளைகளின் பேரில் ஒவ்வொரு கோடாக விழுகிறது என்று இராமையாவுக்கு விளங்கியது. விளங்கியும் வாய் ஓயவில்லை.

“அதெல்லாம் கீழ் மண்டபத்துலங்க. அதுக்கப்புறம் அம்மன் சன்னதிக்கு ஏறணும்.”

“எங்க ஏறணும்?” என்றார் சோமசுந்தரம்.

“மேலங்க. அம்மன் உச்சியில இல்ல இருக்கா.”

“எவ்வளவு தூரம்?”

“நம்ம தேயிலை ஸ்டோர்லேர்ந்து ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுற அளவு இருக்கும். பாதியில ஒரு மண்டபம் உண்டு. மூச்சு வாங்கும், அதனால அங்க உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் ஏறுவாங்க. மேல போகப் போகக் குளிர் தாங்காது. சில நாளு பனி எறங்கி, கோபுரம் கண்ணுக்கே தெரியாதுங்க.”

சோமசுந்தரம் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துரை பக்கம் குனிந்து இங்கிலீஷில் சொன்னார். சொல்லும்போதே தோள் குலுங்கியது.

இராமையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னங்க?” என்றார்.

“மதுரையில ஏத்தம் ஏதுய்யா? ஆத்தங்கரை ஊரு. கோபுரத்துலேர்ந்து அம்மன் வரைக்கும் தரையோட தரை. கொழந்தை தவழ்ந்து போயிடும்.”

இராமையா அந்த இடத்திலேயே நின்றார். கோயில் என்றால் ஏறிப் போவது. மாரியம்மன் மேட்டில், முனி அதற்கும் மேலே, கதிரேசன் குன்றில், பாதமலை வானத்தில். அவருக்குத் தெரிந்த எந்தச் சாமியும் சமதரையில் இருந்ததில்லை. சமதரையையே அவர் ரயிலிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அழகுமுத்து அந்தத் தரையைச் சொல்லவே இல்லை. மதுரைக்காரனுக்கு அது சொல்லவேண்டிய சங்கதியாகத் தோன்றியிருக்காது.

துரை சிரிக்கவில்லை. “நடிக்கிறான்” என்பதுபோல ஒரு சொல் சொன்னார். அதைச் சோமசுந்தரம் மொழிபெயர்க்கவில்லை. கதவைத் திறந்து வீரம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் வந்து நின்றதும், யாரும் கேட்கும் முன்பே, “நோட்டன் பிரிட்ஜிலதாங்க இருந்தாரு” என்றாள்.

“இதை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“அவருதாங்க.”

இராமையா கண்ணை மூடிக்கொண்டார்.

“அது இருக்கட்டும்மா” என்றார் சோமசுந்தரம். “மதுரையில அம்மன் சன்னதிக்கு எப்படிப் போறதுன்னு உங்க வீட்டுக்காரரு சொல்வாரு?”

வீரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் கண் மூடியிருந்தது. நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும்தான் அவளுக்குப் பொய் சொல்ல மனசு இருந்தது. ஆத்தா விஷயத்தில் இல்லை.

“ஏறித்தாங்க போகணும். பாதி வழியில ஒரு மண்டபம் இருக்கு. அங்க உக்காந்து தண்ணி குடிச்சிட்டு ஏறணும். மேல பனியா இருக்கும்.”

“எப்ப இருந்து இப்படிச் சொல்றாரு?”

“கல்யாணம் கட்டின நாள்லேர்ந்துங்க. அதுக்கு முன்னாடி எங்கப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்காரு.”

அவளை ஒரு பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு அழகனைக் கூப்பிட்டார்கள். அவனும் முதலில் நோட்டன் பிரிட்ஜைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டான். கோயிலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“ஏத்தங்க. நல்ல ஏத்தம். மழ பேஞ்சா வழுக்கும், கைத்தடி இல்லாம ஏற முடியாதுன்னு சொல்லுவாரு. அட்டை கடிக்குமாம். சாமி கும்புடப் போறவங்க காலுல சவுக்காரம் பூசிக்கிட்டுத்தான் போவாங்களாம்.”

சோமசுந்தரத்துக்கு இதைச் சொல்லி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. மதுரையில் அட்டை என்றபோது துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு இராமையாவை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

எழுதி முடித்ததைச் சோமசுந்தரம் தமிழில் உரக்க வாசித்தார். “நான் ஒருபோதும் மதுரைக்குப் போனதில்லை. அங்குள்ள கோயிலை நான் கண்ணால் கண்டதில்லை. கண்டதாகத் தோட்டத்து ஆட்களிடமும் என் மனைவியிடமும் நான் சொல்லிவந்தது பொய்.” தாளை நீட்டினார். “ஒத்துக்கிட்டாக் கையெழுத்துப் போடுங்க.”

வீரம்மாவும் அழகனும் இரண்டடி தள்ளி நின்றார்கள். இராமையா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பேனாவை வாங்கினார். தன் பேரை எழுத அவருக்கு எப்போதும் நேரம் எடுக்கும். அன்று இன்னும் கூட எடுத்தது.

பதினொரு மாதம் கழித்து, பிரஜாவுரிமை கிடைத்ததென்று வந்த கடிதத்தில் நாலு பேரின் பேரும் இருந்தது. ஆனால் விசாரணை முடிந்து அன்றைக்கு நானுஓயாவில் ரயில் ஏறியபோது அது ஒருவருக்கும் தெரியாது. அழகன் எதிர் வாங்கில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரம் போனதும் முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

“அட்டை கூடவா இல்ல அண்ணே?”

“தெரியாதுடா.”

“நான் எங்க மாமியார் வீட்டுல கூடச் சொல்லி வச்சிருக்கேன், அட்டைய” என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

வீரம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். திட்டுவாள் என்று இராமையா காத்திருந்தார். அழுவாள் என்று காத்திருந்தார்.

“எங்கப்பா செத்துட்டாரு. நல்லவேளை” என்றாள் ஒரு தடவை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரயில் ஒரு வளைவில் திரும்பியது. கீழே கொழுந்தெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

“அப்ப பதினாலு மாசம் நோட்டன் பிரிட்ஜில” என்றாள் வீரம்மா.

“ஆமா.”

“நெசமாவே.”

“நெசமாவே.”

“ஒங்களுக்கு ஒல வைக்கத் தெரியாதே. சோறு யாரு ஆக்கிப் போட்டா?”

இராமையா நிமிர்ந்தார். “அழகுமுத்து ஆக்குவான். நான் வெறகு பொறுக்குவேன்.”

“அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருந்துச்சா?”

“இல்ல.”

“அக்கா தங்கச்சி?”

“மதுரையில இருந்துச்சோ என்னவோ. அங்க யாரும் இல்ல.”

“கல்லு தூக்குற எடத்துல பொம்பளைங்களும் இருந்திருப்பாங்கள்ல.”

“இருந்தாங்க. அதுக்கென்ன?”

“ஒன்னுமில்ல. பதினாலு மாசத்துல ஒரு கடுதாசி கூட வரலன்னு லயத்துல சொல்லுவாங்க. கோயில்ல இருந்தீங்கன்னு சொன்னப்ப, சரி, சாமி நெனப்புல மறந்துட்டாருன்னு நெனச்சிக்கிட்டேன்.” அவள் தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “அணைக்கட்டுல என்னா நெனப்பு?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. புகையும் இருட்டும் பெட்டிக்குள் வந்தன. சக்கரச் சத்தத்தில் அவர் சொன்ன எதுவும் அவருக்கே கேட்கவில்லை. வெளிச்சம் வந்தபோது வீரம்மா அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“என்னா சொன்னீங்க? மறுபடி மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்றாள்.